மாட்டின் ரத்தத்தில் சட்டை மாற்றும் ஒட்டுண்ணி

மழை ஓய்ந்து பாகூர் ஏரியும் சுற்றுப்பட்ட ஏரி குளங்களும் தளும்பி நிற்கிற தை, மாசி மாதங்களில் கிருமாம்பாக்கம் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு குறை உண்டு. "மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல, உடம்பு கொதிச்சுது. கஷாயம் குடுத்தேன், மூணாம் நாள் எழுந்து மேய ஆரம்பிச்சுது. பத்து நாள் கழிச்சுப் பார்த்தா மறுபடியும் அதே கொதிப்பு." இப்படி மூன்று நான்கு தடவை வந்து போவதற்குள் மாடு எலும்பும் தோலுமாகி விடுகிறது. கண்ணில் நீர் வடிகிறது. கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. கால், தாடை, அடிவயிற்றில் வீக்கம் காண்கிறது. பால் பாதிக்குப் பாதி இறங்குகிறது. சினையாக இருந்தால் கன்று வீசி விடுகிறது. சில மாடுகள் சுற்றிச் சுற்றி வந்து கீழே விழுந்து செத்தும் போகின்றன.

வந்து வந்து போகிற காய்ச்சலுக்குக் காரணங்கள் பல. உண்ணி வழியாக வரும் தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா மூன்றும் நம்ம ஊரில் இருக்கின்றன. அதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று சர்ரா. இது உண்ணியால் வருவதல்ல. கடிக்கிற ஈயால் வருவது. இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மாட்டின் நோய் எதிர்ப்புச் சக்தியை எப்படி ஏய்க்கிறது என்று தெரிந்துகொண்டால், காய்ச்சல் ஏன் போய்ப் போய் வருகிறது, தடுப்பூசி ஏன் இல்லை, 'கஷாயத்தில் குணமாச்சு' என்று நாம் நம்புவது எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பதில் கிடைக்கும்.

துறப்பணம் போன்ற உடம்பு

சர்ரா என்பது வடநாட்டுச் சொல். உடம்பு சீரழிந்து போனது என்கிற பொருளில் குதிரை, ஒட்டகம் வளர்ப்பவர்கள் வைத்த பெயர். 1880-ல் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் (இன்றைக்கு அது பாகிஸ்தானில் இருக்கிறது) ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் இந்த நோயில் சாய்ந்தபோது, காரணம் தேடிப் போனவர் கிரிஃபித் இவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். நோயுற்ற குதிரையின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பணுக்களுக்கு நடுவே விலாங்குக் குஞ்சு போல நெளிந்து ஓடும் உயிரிகளைக் கண்டார். அந்த ரத்தத்தை நல்ல நிலையில் இருந்த விலங்குகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் நோய் வந்தது. ரத்தத்தில் நெளியும் இப்படிப்பட்ட உயிரிகள் தீங்கில்லாதவை என்று அன்றைய பெரிய மருத்துவர்கள் நினைத்திருந்ததால், அவர் சொன்னதை உடனே யாரும் ஏற்கவில்லை. பிற்பாடு அந்த ஒட்டுண்ணிக்கே அவர் பெயரை வைத்து 'டிரிப்பனோசோமா இவான்சி' என்றார்கள். டிரிப்பனான் என்றால் கிரேக்க மொழியில் துறப்பணம், சோமா என்றால் உடம்பு. தச்சர் துறப்பணம் மரத்துக்குள் திருகிக்கொண்டு போவது போல இது ரத்தத்துக்குள் திருகிக்கொண்டு நீந்துகிறது. ஒரே ஒரு செல் கொண்ட உயிரிதான். ஆனால் மாட்டின் சிவப்பணுவைப் போல நாலு மடங்குக்கு மேல் நீளம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மலேரியா, பபேசியா ஒட்டுண்ணிகள் சிவப்பணுவுக்கு உள்ளே புகுந்து ஒளிந்துகொள்கின்றன. சர்ரா ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கும்போது அப்படி ஒளிவதில்லை. சிவப்பணுவுக்கு வெளியே ரத்த நீரில் பகிரங்கமாக நீந்திக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் படைகள் எல்லாம் நடமாடுகிற அதே தெருவில் இதுவும் நடமாடுகிறது. ஒளியாமலே பிடிபடாமல் இருக்க வேண்டுமென்றால் வேறு வித்தை வேண்டும்.

காய்ச்சலை எண்ணிப் பார்த்தவர்

அந்த வித்தையின் நிழலை முதலில் எண்களில் காட்டியவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த பெயர்தான். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், பிறகு லிவர்பூலுக்குப் போனார். ஆப்பிரிக்காவில் மனிதருக்கு வரும் தூக்க நோய்க்கும் இதே குடும்பத்து ஒட்டுண்ணிதான் காரணம். அந்த நோயோடு வந்த ஒருவரின் ரத்தத்தை ராஸும் தாம்சன் என்பவரும் நாள் தவறாமல் எடுத்து, ஒட்டுண்ணிகளை எண்ணி எழுதி 1910-ல் வெளியிட்டார்கள். எண்ணிக்கை ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, திடீரென்று சரிகிறது, சில நாளில் மறுபடி ஏறுகிறது. ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு அலை. எண்ணிக்கை ஏறும்போது காய்ச்சலும் ஏறியது.

சரிவுக்குக் காரணம் எதிர்ப்புச் சக்தி என்பதை ஊகிக்க முடிந்தது. ஆனால் ஒரு தடவை ஜெயித்த எதிர்ப்புச் சக்தி அடுத்த வாரம் ஏன் தோற்கிறது? விடை தெளிவாகக் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1969-ல் கீத் விக்கர்மன் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கியில், இந்த ஒட்டுண்ணியின் உடம்பு முழுவதும் ஒரு தடித்த மேலுறை போர்த்தியிருப்பதைக் காட்டினார். 1975-ல் ஜார்ஜ் கிராஸ் அந்த உறையைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு வகை ஒட்டுண்ணியின் உறையும் ஒரே புரதத்தால் ஆனது. ஆனால் வகைக்கு வகை அந்தப் புரதம் வேறாக இருந்தது. இனி இந்த உறையைச் சட்டை என்றே சொல்வோம். ஒரு சட்டையில் அந்த ஒரே புரதம் சுமார் 1 கோடி எண்ணிக்கையில், நாற்றங்கால் போல இடைவெளி இல்லாமல் நிற்கிறது.

மாடு எப்படி அடையாளம் காண்கிறது?

வங்கியில் வேலை பார்த்தவனுக்குச் சட்டென்று தோன்றுகிற உதாரணம் மாதிரிக் கையெழுத்துதான். காசோலை வந்தால் ஆளைத் தேட மாட்டோம். கையெழுத்தை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் மாதிரியோடு ஒப்பிடுவோம். மாட்டின் எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். உள்ளே வந்த கிருமியின் முழு உருவத்தை அது பார்ப்பதில்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் வடிவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த வடிவத்தோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிற எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, லட்சக் கணக்கில் தயாரிக்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமி அழிக்கப்படுகிறது. இந்தத் தயாரிப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

சர்ரா ஒட்டுண்ணி உள்ளே வந்ததும் அதன் சட்டையைத்தான் மாடு பார்க்கிறது. சட்டை அடர்த்தியாக இருப்பதால் அதற்குக் கீழே இருக்கும் நிலையான பாகங்கள் பெரும்பாலும் மறைந்து போகின்றன. ஒரு வாரத்தில் சட்டைக்குப் பொருத்தமான எதிர்ப்பொருள் தயாராகிறது, ஒட்டுண்ணிகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, காய்ச்சல் இறங்குகிறது, மாடு எழுந்து தீனி எடுக்கிறது. நாம் கொடுத்த கஷாயத்துக்குப் பேர் கிடைக்கிறது.

ஆனால் எல்லா ஒட்டுண்ணியும் அதே சட்டையில் இல்லை. மிகச் சில, வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. மாட்டின் கையில் இருக்கும் எதிர்ப்பொருள் அவற்றின் மேல் ஒட்டாது. அந்தச் சில, பெருகுகின்றன. மறுபடி காய்ச்சல். மாடு மறுபடி முதலிலிருந்து புதுச் சாவி செய்ய வேண்டும். அது தயாராவதற்குள் இன்னொரு சட்டை.

பெட்டியில் எத்தனை சட்டை?

ஆப்பிரிக்க உறவினனான டிரிப்பனோசோமா புரூசியின் மரபணுக்களை முழுவதும் படித்து 2005-ல் வெளியிட்டார்கள். நம்ம சர்ரா ஒட்டுண்ணி அதிலிருந்து பிரிந்து வந்த கிளைதான். புரூசியில் சட்டைப் புரதத்துக்கான மரபணுக்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும் என்று பிற்பாட்டுக் கணக்குகள் காட்டின. இத்தனை இருந்தும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மரபணுதான் வேலை செய்யும். மற்றதெல்லாம் மடித்து வைத்த துணி. ஒரே நேரத்தில் பத்துச் சட்டையைக் காட்டினால் மாடு பத்துக்கும் ஒன்றாகச் சாவி செய்துவிடும். சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றாக எடுப்பதில்தான் காரியம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த இரண்டாயிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உடைந்த மரபணுக்கள். தனியாக ஒரு முழுப் புரதத்தைச் செய்யத் தகுதி இல்லாதவை. கிழிசல் என்று அது தூக்கி எறிவதில்லை. இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு என்று ஒட்டி, புதுச் சட்டை தைத்துக்கொள்கிறது. நம்ம வீட்டுப் பாட்டிகள் பழைய புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிற மாதிரி. ஆகவே நோய் நீண்ட நாள் இருந்தாலும் சட்டை தீர்ந்து போகிற நிலை வருவதில்லை.

இது போதாதென்று இன்னொரு தந்திரமும் உண்டு. எதிர்ப்பொருள் கொஞ்சமாக ஒட்டியிருக்கும் கட்டத்தில், ஒட்டுண்ணி முன்னோக்கி நீந்துகிற வேகத்தில் அந்த எதிர்ப்பொருள்கள் உடம்பின் பின்முனைக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே இருக்கும் ஒரு சிறு பை வழியாக அவற்றை உள்ளே இழுத்துச் செரித்துவிடுகிறது. 2007-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. புடவையில் ஒட்டிய நாயுருவி விதையைத் தட்டிவிட்டு நடப்பது போலத்தான்.

யார் உத்தரவு போடுகிறார்கள்?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். 'எதிர்ப்பொருள் வருவதைப் பார்த்து ஒட்டுண்ணி சட்டையை மாற்றுகிறது' என்று சொல்கிறோம். அது பார்ப்பதும் இல்லை, யோசிப்பதும் இல்லை. சட்டை மாறுவது தற்செயலாக, எந்த நேரமும், மாட்டில் எதிர்ப்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கிறது. ஆய்வகத்தில் நெடுநாள் வளர்த்த வகைகளில், ஒரு தலைமுறையில் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு அபூர்வமாக மாறுகிறது. களத்திலிருந்து புதிதாக எடுத்த வகைகளில் அதைவிடப் பல மடங்கு அடிக்கடி மாறுகிறது.

பத்து லட்சத்தில் ஒன்று போதுமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ஒட்டுண்ணி சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஒன்று 16 ஆகிறது. ஐந்து நாளில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. நம்ம கூட்டு வட்டி எல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. நானூறு கிலோ மாட்டின் உடம்பில் சுமார் 24 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காய்ச்சல் உச்சத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு லட்சம் ஒட்டுண்ணி இருந்தால் மொத்தம் 240 கோடி. அதில் பத்து லட்சத்துக்கு ஒன்று சட்டை மாற்றியிருந்தாலும் 2,400 ஒட்டுண்ணிகள் புதுச் சட்டையில் தயாராக நிற்கின்றன. அடுத்த அலையைத் தொடங்க ஒன்றே போதும்.

நெல் விவசாயிகளுக்கு இந்தக் கதை பழகியதுதான். புகையானைத் தாங்கும் என்று 1973-ல் ஐ.ஆர்.26 ரகத்தை வெளியிட்டார்கள். மூன்று நான்கு வருடத்துக்குள், அந்த ரகத்தையும் தின்கிற புகையான் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெருகிவிட்டது. புகையான் ரகத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தின்னக்கூடிய சில ஏற்கெனவே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்ததும் வயல் அவற்றுக்குக் கிடைத்தது. பூச்சிக்கொல்லிக்கும் இதே கதைதான். ஒரே ஒரு ஆயுதத்தை நம்பி எல்லா இடத்திலும் அடித்தால், அதற்குத் தப்பியவற்றை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், புகையானுக்குப் பல பருவம் பிடித்த வேலையைச் சர்ரா ஒட்டுண்ணி ஒரே மாட்டுக்குள், ஒரே வாரத்தில், திரும்பத் திரும்பச் செய்கிறது.

மாடு ஏன் தேய்கிறது?

ஒவ்வொரு அலைக்கும் மாடு விலை கொடுக்கிறது. கோடிக் கணக்கில் சாகும் ஒட்டுண்ணிகளின் குப்பை ரத்தத்தில் கலக்கிறது. அவற்றின் சட்டைத் துணுக்குகளும் எதிர்ப்பொருள்களும் மாட்டின் சொந்தச் சிவப்பணுக்கள் மேலேயே ஒட்ட, உடம்பு அவற்றையும் சேர்த்து அழிக்கிறது. அதனால்தான் சோகை. ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, அதுவும் குறைகிறது. எதிர்ப்புச் சக்தியோ வாரா வாரம் புதுச் சாவி செய்து செய்து களைத்துப் போகிறது.

இந்தக் களைப்பு வேறு நோய்களுக்கும் கதவைத் திறக்கிறது. புரூசி ஒட்டுண்ணி ஏற்றிய எலிகளில், முன்பு போட்ட தடுப்பூசியின் நினைவே அழிந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள். சர்ரா பிடித்த பன்றிகளுக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டபோது அது சரியாகப் பலிக்கவில்லை. ஆகவே மெலிந்து சோகை பிடித்த மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டாச்சு என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த மெலிவுக்குக் காரணம் என்ன என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாடும் எருமையும் பல தடவை நோயை வெளியே காட்டாமல், ரத்தத்தில் கொஞ்சமாக ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே நடமாடும். தீனிக் குறைவு, கன்று ஈனுதல், நெடும்பயணம், வேறு நோய் என்று ஏதாவது ஒரு சிரமம் வந்ததும் அது கிளம்பும். சந்தையில் வாங்கி வந்த மாடு பத்து நாளில் படுத்துவிட்டால் 'கண்ணு பட்டுடுச்சு' என்கிறோம். ரத்தத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

தடுப்பூசி ஏன் இல்லை?

கோமாரிக்கு ஊசி இருக்கிறது. சர்ராவுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இப்போது எளிது. கோமாரி வைரஸும் மாறக்கூடியதுதான். ஆனால் நம்ம நாட்டில் இப்போது சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகை. அந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஊசியில் போட்டுவிடலாம். சர்ராவில் ஒரு சட்டைக்கு ஊசி போட்டால் அடுத்த சட்டை வரும். இரண்டாயிரம் சட்டையையும், ஒட்டுப்போட்டுத் தைக்கும் சட்டைகளையும் ஒரு ஊசியில் அடைக்க முடியாது.

வழி மாறாத இடத்தைப் பிடிப்பதில் இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியும் சட்டை மாற்றும் கூட்டம்தான். சிவப்பணுவின் மேல் அது நீட்டும் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. இலங்கைக் காட்டுக் குரங்குகளுக்கு இயற்கையாக வரும் மலேரியாவில் இதே மாற்றம் நடப்பதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-ல் காட்டினார்கள். இப்போது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் மலேரியா தடுப்பூசிகள், புனேயில் தயாராகிற ஆர்21 உட்பட, இந்தச் சட்டையைத் தொடுவதே இல்லை. கொசு கடித்த உடனே, ரத்தத்துக்குள் பெருகுவதற்கு முன் உள்ள கட்டத்தில் இருக்கும் வேறொரு புரதத்தைக் குறிவைக்கின்றன. மாடுகளைத் தாக்கும் ஆப்பிரிக்க ஒட்டுண்ணி ஒன்றில், சவுக்கு போன்ற வாலில் மாறாமல் இருக்கும் ஒரு புரதத்தைக் கொண்டு எலிகளைக் காப்பாற்ற முடிந்ததாக 2021-ல் செய்தி வந்தது. மாட்டுக் கொட்டகை வரை வர இன்னும் நாளாகும்.

மனிதருக்கு வருமா?

சாதாரணமாக வராது. நம் ரத்தத்தில் உள்ள ஏபிஓஎல்-1 என்ற புரதம் இந்த ஒட்டுண்ணியை ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். ஆனால் 2004-ல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் மாடு வளர்க்கும் ஒரு விவசாயிக்கு மாதக் கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அவர் ரத்தத்தில் இருந்தது டிரிப்பனோசோமா இவான்சி. அவருக்கும் எண்ணிக்கை அலை அலையாக ஏறி இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் வழியாக வந்த சுராமின் என்ற மருந்தால் குணமானார். அவர் உடம்பில் அந்தக் காவல் புரதமே உருவாகாதபடி மரபணுவில் குறை இருந்தது என்று 2006-ல் தெரிந்தது. இது மிக மிக அபூர்வம். இருந்தாலும் மாட்டு ரத்தம் கையில் உள்ள காயத்தில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

நாய், பூனை, புலிக்கு அந்தக் காவல் கிடையாது. 2000 ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் அடுத்தடுத்து இறந்ததற்கு இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சர்ராவில் செத்த மாட்டின் இறைச்சியை நாய்க்குப் போடக்கூடாது. ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

இயற்கை விவசாயி என்ன செய்யலாம்?

முதலில் நம் இயக்கத்துக்குள்ளேயே பேச வேண்டிய ஒரு விஷயம். மூலிகை வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. மடிநோய்க்கும் வயிறு உப்புசத்துக்கும் கோமாரிப் புண்ணுக்கும் நாம் கொடுக்கும் மருந்துகள் பயன் தருவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் ஒரு மருந்து வேலை செய்ததா என்று முடிவு செய்ய, மருந்து இல்லாமலும் நோய் தணியுமா என்று தெரிந்திருக்க வேண்டும். சர்ரா காய்ச்சல் எந்த மருந்தும் இல்லாமலே சில நாளில் தணியும். அதனால் இந்த நோயில் வெந்நீர் கொடுத்தாலும் குணமான மாதிரித்தான் தெரியும். இரண்டாவது, மூன்றாவது தடவை காய்ச்சல் திரும்பினால் கஷாயத்தை மாற்றிப் பார்க்கிற நேரம் அது இல்லை. ரத்தத்தைப் பார்க்கிற நேரம்.

1. காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு ஒட்டுண்ணி எண்ணிக்கையும் இறங்கிவிடும், ஸ்லைடில் அகப்படாது. காது நரம்பில் ஒரு சொட்டு போதும். மருந்து போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு நெளிந்து ஓடுவது தெரியும். ஒரு தடவை தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்த காய்ச்சலில் மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லாவிட்டால், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

2. ஆன்டிபாடி சோதனை என்றால் என்ன என்று தெரிந்து கேளுங்கள். இந்த ஒட்டுண்ணி தொற்றின் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சட்டையைப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சட்டையை வைத்தே அட்டைச் சோதனை ஒன்று செய்திருக்கிறார்கள். ஏய்க்கிற வித்தையே அதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சோதனை மாடு எப்போதோ ஒட்டுண்ணியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் சொல்லும். இன்றைக்கும் உள்ளே இருக்கிறதா என்பதற்கு ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

3. நோய் உறுதியானால் மருத்துவர் சொல்கிற ஊசியைப் போட்டுவிட வேண்டும். குயினாபைரமின், டிமினாசின் போன்ற மருந்துகள் சட்டையைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஒட்டுண்ணியின் உடம்புக்குள் போய்க் கொல்கின்றன. அதனால் எந்தச் சட்டையில் இருந்தாலும் அகப்படும். அளவு குறைத்துப் போட்டால் தப்பியவை மருந்துக்குப் பழகிவிடும். மாட்டின் எடையைக் கண் மதிப்பில் சொல்லாமல் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள்.

4. 'அப்போ நம்ம சான்று போய்விடுமா' என்ற பயம் வேண்டாம். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிகள், வேறு வழி இல்லாதபோது மாட்டைக் காப்பாற்ற மருந்து போடுவதைத் தடுக்கவில்லை. மருந்து போட்ட பிறகு பாலை விற்காமல் நிறுத்தி வைக்கும் நாளை இரட்டிப்பாக்கச் சொல்கின்றன. தேதியைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். மாட்டைச் சாக விட்டுத்தான் இயற்கை விவசாயி என்று பேர் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

5. ஒரு ஊசியால் பல மாட்டுக்குக் குத்த விடாதீர்கள். இந்த ஒட்டுண்ணி ஈயின் வயிற்றில் வளர்வதில்லை. கடிவாயில் ஒட்டிய ஈர ரத்தத்தோடு சில நிமிடத்தில் அடுத்த மாட்டுக்குப் போகிறது. ஊசி முனையும் அதே வேலையைச் செய்யும். மாட்டுக்கு ஒரு ஊசி என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

6. ஈயைக் குறைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. நம் முறைகள் ஜெயிக்கிற இடமும் இதுதான். பெரிய கண் உள்ள மாட்டு ஈ, குளம் ஏரி ஓரத்துச் சேற்றில் வளர்கிறது. அதை ஒழிக்க முடியாது. அது அதிகமாகக் கடிக்கும் உச்சி வெயில் நேரத்தில் மாட்டை ஏரிக்கரையில் கட்டாமல் இருக்கலாம். வீட்டு ஈ அளவில் இருந்துகொண்டு ஊசி போலக் குத்துகிற தொழுவ ஈ, சாணமும் மூத்திரமும் கலந்து அழுகும் வைக்கோலில் முட்டை இடுகிறது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், தொழு உரம் என்று நாம் கொட்டகை ஓரத்திலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். அதைத் தள்ளி வைக்க வேண்டும். குவியலை வாரம் ஒரு தடவை கிளறிச் சூடேற விட வேண்டும் அல்லது மண் மெழுகி மூட வேண்டும். தொட்டிக்கு மூடி வேண்டும். மாலையில் நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுவது, வேப்ப எண்ணெயோ புங்க எண்ணெயோ தடவுவது, நீலமும் கருப்புமான துணியில் செய்த ஈப்பொறி வைப்பது எல்லாமே உதவும்.

7. புது மாடு வாங்கினால் மந்தையோடு உடனே சேர்க்காமல் மூன்று நான்கு வாரம் தள்ளிக் கட்டுங்கள். காய்ச்சல் இரண்டு மூன்று அலை வரக்கூடிய நோய்க்கு அந்த இடைவெளி வேண்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமுள்ள மாட்டுக்குக் காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்து, வந்த அளவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாட்டுக்கு 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. பதினைந்து நாள் எழுதினால் ஏற்றமும் இறக்கமும் தாளிலேயே தெரிந்துவிடும். பால் அளவையும் அதே வரியில் எழுதுங்கள். ராஸ் 1910-ல் செய்ததும் இந்த வேலைதான். அந்த ஒரு பக்கத்தை மருத்துவரிடம் காட்டினால், 'அடிக்கடி காய்ச்சல் வருதுங்க' என்று நாம் வாயால் சொல்வதைவிட அவருக்கு அதிகம் விளங்கும். எந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதையும் அவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.